ரீயூனியன் மலைக்காட்டில் கார் சத்தமில்லாத சைக்கிள் பாதை உண்டா?

கேள்வி: 09-04-2024, மாலை 7.15

அண்ணா, நான் மதுரைக்காரன். மொரீஷியஸ்ல ரோஸ் ஹில்ல வேலை. போன மாசம் சைக்கிளை அட்டைப்பெட்டியில கட்டி விமானத்துல போட்டு, பக்கத்துல இருக்கிற பிரெஞ்சுத் தீவு ரீயூனியன் வந்தேன். அஞ்சு நாள். கரையோரமா முழுச் சுற்று முடிச்சேன். எரிமலைக் குழம்பு கடல்ல இறங்கின தென்கிழக்கு மூலையைத் தவிர மத்த இடமெல்லாம் காரும் லாரியும்தான். ராத்திரி படுத்தாலும் காதுல இரைச்சல். சிலாவோஸ்னு மலைமேல ஒரு ஊர், அங்க ஏறிப் பார்க்கலாம்னு போய், முதல் சுரங்கத்துல எதிர்ல வந்த பஸ்ஸைப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன். இந்தத் தீவுல காட்டுமலை வழியா நிம்மதியா சைக்கிள் மிதிக்க இடமே கிடையாதுன்னு முடிவு பண்ணியாச்சு. தப்புன்னா யாராவது சொல்லுங்க. ஜூலையில ஒரு வாரம் லீவு இருக்கு.

09-04-2024, இரவு 8.40

தப்பு.

தேங்காயை வெளியே உருட்டிப் பார்த்துவிட்டு உள்ளே தண்ணீர் இல்லை என்கிறாய். இங்கே எட்டரை லட்சத்துக்கு மேல் ஜனம், ரயில் கிடையாது, தீவின் நடுவில் 3,070 மீட்டர் மலை. எல்லாரும் கரையோரமாகத்தான் ஓடியாக வேண்டும். நீ அந்த ஓரத்தையே சுற்றிவிட்டுப் போயிருக்கிறாய்.

என் கணக்கு ரொம்பச் சின்னது: இங்கே அமைதியான சாலை என்றால் முட்டுச்சாலை. அந்தப் பக்கம் எந்த ஊருக்கும் போய்ச் சேராத சாலையில் வேலைக்கு ஓடுகிறவன் வரமாட்டான். போன வழியே திரும்பி வர உனக்கு மனசு உண்டா? உண்டென்றால் காடு காடாகக் காட்டுகிறேன். சுற்று போட்டே தீருவேன் என்றால் ரோஸ் ஹில்லிலேயே இரு.

நான் பாண்டிக்காரன், இங்கே தம்போன் ஊரில் ரொட்டிக்கடையில் வேலை. ராத்திரி 2 மணிக்கு மாவு. மீதி நாளை.

10-04-2024, மதியம் 1.20

பேபூர், பேலூவ். இந்த இரண்டு பெயரையும் முதலில் எழுதி வைத்துக்கொள்.

மூன்றாம் எண் தேசிய சாலைதான் தீவை நடுவில் வெட்டிக் கடக்கிறது, கிழக்கே சேன்-பெனுவாவிலிருந்து தெற்கே சேன்-பியேர் வரை. அதன் உச்சி பெல்வ்யூ கணவாய், 1,606 மீட்டர். கணவாய்க்குக் கிழக்கே வளைந்து வளைந்து இறங்கினால் சுமார் 1,000 மீட்டரில் ப்ளேன் தே பல்மிஸ்த் ஊர். அங்கே ப்தித் ப்ளேன் பக்கம் திரும்பும் சாலைதான் இரண்டாம் எண் வனச்சாலை. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், பேபூர் காட்டுக்குள் நுழைந்து பேலூவில் போய் முட்டும். பேலூவ் சுமார் 1,500 மீட்டர். கடைசியில் ஒரு தடுப்புக்கட்டை, அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மலை விடுதி, விடுதிக்கு முன்னால் தரை அப்படியே கீழே விழுகிறது. கீழே சலாசிப் பள்ளத்தாக்கு. சாலையும் அவ்வளவுதான், தீவும் அவ்வளவுதான் என்று தோன்றும்.

சாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தாரின் நடுவே ஒரு கோடு பாசி. கார் சக்கரம் படும் இரண்டு தடம் மட்டும் கறுப்பு, நடுவில் பச்சை. மழை இல்லாவிட்டாலும் பெரணி மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஆமாம், மரம்தான், தென்னங்கன்றுக்குப் பெரணி இலை முளைத்த மாதிரி, ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு. இங்கே அதை ஃபான்ஜான் என்பார்கள். கறுப்புத் தடத்தில் மிதி. பச்சையில் பிரேக் பிடித்தால் தரையில்தான் முடியும். எனக்கு இடது முழங்கையில் அதற்குச் சான்றிதழ் இருக்கிறது.

ஒரு குருவி உண்டு, தெக்-தெக். உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான். அதன் சத்தமே அதன் பெயர். ஏற்றத்தில் நீ எட்டு கிலோமீட்டர் வேகத்தில் மூச்சிரைத்துப் போகும்போது முன்னால் ஒரு கொப்பில் உட்கார்ந்து தெக் என்கும். நீ நெருங்கினால் பத்தடி தள்ளி அடுத்த கொப்பு. வழி காட்டுகிறதா, கேலி செய்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

10-04-2024, மதியம் 1.45

ஒன்று விட்டுவிட்டேன். பேலூவில் இருப்பது தமரென் மரக்காடு. பிரெஞ்சில் தமரென் என்றால் புளி, ஆனால் இதில் புளி கிடையாது. வேல மர இனம். குட்டி மரத்தின் இலை புளிய இலை மாதிரியே சிறுசிறு இலையாக அடுக்கி இருக்கும், அதைப் பார்த்து வைத்த பெயர். மரம் வளர வளர இலை நீண்டு அரிவாள் மாதிரி ஆகிவிடும். சில கிளையில் ஒரே காம்பில் பாதி புளி, பாதி அரிவாள். முதல் தடவை பார்த்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு கால்மணி நேரம் அதையே பார்த்தேன். இதன் நெருங்கிய உறவு பசிபிக்கில் ஹவாய்த் தீவில் இருக்கிறது. நடுவில் இத்தனை கடல், விதை எப்படி வந்ததோ. புயலில் மரம் சாய்ந்தால் சாவதில்லை. படுத்த மரத்திலிருந்து மேலே புதுக் கிளை கிளம்பும். அதனால் காடே ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்குகிற மாதிரி தெரியும்.

11-04-2024, இரவு 7.05

மடக்கிவிட்டாய், தம்பி. "சிலாவோஸும் முட்டுச்சாலைதானே, அப்புறம் ஏன் பஸ்?" சரியான கேள்வி.

சிலாவோஸில் ஐயாயிரம் பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசி போக வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும், சுற்றுலாக்காரன் வேறு. முனையில் ஊர் இருந்தால் அது முட்டுச்சாலை கணக்கில் வராது. ஆகவே என் விதியைத் திருத்துகிறேன்: முனையில் ஆள் குடியில்லாத முட்டுச்சாலை.

ஆனால் சிலாவோஸை அப்படித் தள்ளிவிடாதே. சேன்-லூயியிலிருந்து 37 கிலோமீட்டர், 1,200 மீட்டர் உயரத்துக்கு. நானூறு வளைவு என்பார்கள். என் மகன் ஆறு வயதில் பஸ்ஸில் எண்ண ஆரம்பித்தான், நூற்று முப்பதில் வாந்தி எடுத்தான், மீதியை யாரும் எண்ணவில்லை. சாலை திறந்தது 1932-ல். அதற்கு முன்னால் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போன பணக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்களாம். நான் மூன்று தடவை மிதித்து ஏறியிருக்கிறேன். மூன்றிலும் அந்த நாற்காலி நினைப்பு வந்தது.

அங்கே நேரம்தான் எல்லாம். நீ எத்தனை மணிக்குப் போனாய்? ஒன்பதா? விடியும்போது அடிவாரத்தில் நிற்க வேண்டும். சுரங்கத்தில் ஒரு வண்டிதான் நுழையும், முன்விளக்கு பின்விளக்கு இரண்டும் எரிய வேண்டும், உள்ளே நுழையுமுன் நின்று காது கொடுத்துக் கேள்.

மேலே போன பிறகு ஊரில் நிற்காமல் ஈலே-ஆ-கோர்த் பக்கம் திரும்பு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பள்ளமும் மேடுமாய், பாறையைக் குடைந்த ஒற்றைச் சாலை. முனையில் பருப்புக் கொல்லையும் திராட்சைப் பந்தலும். அங்கேயும் குடி உண்டு, ஆனால் கொஞ்சம். சிலாவோஸ் பருப்பை ஒரு கிலோ வாங்கி வந்து சாம்பார் வைத்துப் பார். மைசூர்ப் பருப்பை மறந்துவிடுவாய்.

12-04-2024, மதியம் 2.10

பருப்பைப் பற்றி எழுதியதற்கு மட்டும் ஆறு பேர் பதில். சைக்கிளைப் பற்றி ஒருவர்.

போகட்டும், நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சலாசி போகும் சாலை முழுக்கப் பந்தல் பந்தலாக ஒரு காய் தொங்கும். ஊர்க்காரர்கள் ஷூஷூ என்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் நம்ம சௌசௌ! யார் யாரிடமிருந்து பெயரை வாங்கினார்களோ. கறிவேப்பிலைக்கு இங்கே கலூபிலே, அது சந்தேகமில்லாமல் நம் கணக்கு. முறுக்குக்கு மூல்கு.

16-04-2024, செவ்வாய், மாலை 5.30

எனக்கு விடுமுறை செவ்வாய். இன்று எரிமலைச் சாலை போனேன், உனக்காகப் பார்த்து வர.

பூர்-முராவிலிருந்து ஏறும் வனச்சாலை. முதலில் பால்மாட்டு மேய்ச்சல் நிலம், பிறகு க்ரிப்தோமேரியா தோப்பு (ஜப்பான் மரம், நட்டு வளர்த்தது, வாசனை சந்தன ஊதுவத்தி மாதிரி), பிறகு மரம் குட்டையாகிப் புதராகிக் கடைசியில் ஒன்றுமே இல்லை. வழியில் மாட்டுமூக்கு என்று ஒரு திருப்பம்; எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே ஆயிரம் மீட்டருக்கு ரெம்பார் ஆற்றுப் பள்ளம். அதைத் தாண்டி கொமேர்சோன் எரிமலை வாய். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மூன்று நாளில் சுமார் 3,930 மில்லிமீட்டர் மழை பெய்தது இங்கேதான். மூன்று நாள் மழையில் உலகத்துக்கே அதுதான் சாதனை. பாண்டியில் மூன்று வருஷம் பெய்கிற மழையை மூன்று நாளில் கொட்டியிருக்கிறது. இன்று தூசி பறந்தது.

அப்புறம் ப்ளேன் தே சாப்ல். செம்மண் நிறத்தில் எரிமலைச் சரளை, சாம்பல், மரம் மட்டை எதுவும் கிடையாது. அதில் மண்பாதை, துணி தேய்க்கும் பலகை மாதிரி வரி வரியாய். பல் ஆடும். தாண்டி ஏறினால் பெல்கோம்ப், 2,300 மீட்டர், முட்டு.

அமைதியா? போகும்போது ஆமாம். காலை ஒன்பதரைக்குத் திரும்பும்போது எதிரே எழுபத்திரண்டு கார். எண்ணினேன், மகன் மாதிரி வாந்தி எடுக்காமல். முனையில் குடியில்லை, ஆனால் எரிமலை இருக்கிறதே! 2023 ஜூலையில் அது வெடித்தபோது ராத்திரியில்கூட இந்தச் சாலையில் விளக்கு வரிசை தெரிந்தது.

விதி, இரண்டாம் திருத்தம்: முனையில் குடியும் இருக்கக்கூடாது, வேடிக்கையும் இருக்கக்கூடாது.

16-04-2024, மாலை 5.50

இந்தக் கணக்குப்படி போனால் முனையில் குப்பைமேடு உள்ள சாலைதான் மிஞ்சும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குப்பை லாரி வருமே ஐயா.

07-05-2024, செவ்வாய், இரவு 6.40

இன்று ஒரு பாடம். பிரேக்.

பல்மிஸ்திலிருந்து சேன்-பெனுவா வரை இறக்கம், தூறல். என் சைக்கிள் பழைய இரும்புச் சட்டம், ரிம்மைப் பிடிக்கிற பிரேக். இந்த ஊர் சாலையில் மழை பெய்தால் எரிமலைப் பாறையின் பொடி தண்ணீரோடு சேர்ந்து ரிம்மில் ஒட்டும். அரத்தால் ராவுகிற மாதிரி கர்ரென்று சத்தம். பாதியில் பின் பிரேக் கைப்பிடி ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் ரப்பர் கட்டை தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. பத்து நாள் முன்புதான் புதுசு போட்டது. போட்டுக் கொடுத்த கடையில் கேட்டால், "இறக்கத்தில் பிரேக் பிடித்தால் தேயத்தானே செய்யும்" என்றார்கள். ஏற்றத்தில் பிடிப்பார்கள் போல.

ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கோயில் மாதிரி, சேன் எக்ஸ்பெதி என்ற புனிதருடையது. தீவு முழுக்க வளைவுக்கு வளைவு இப்படிச் சிவப்பாய் இருக்கும். வேண்டினது நடக்காவிட்டால் சிலையின் தலையையே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. நம்ம ஊர் எல்லைச்சாமி மாதிரிதான். நான் கும்பிடுபோட்டுவிட்டுத்தான் தாண்டுவேன். இன்று அவர் காலடியில் உட்கார்ந்து முன் கட்டையில் ஒன்றைப் பின்னால் மாற்றிப் போட்டு, பாதி தூரம் உருட்டியும் பாதி தூரம் ஊர்ந்தும் வந்தேன்.

டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாற்றுக் கட்டை இரண்டு ஜோடி. கியர் பற்றிக் கேட்டிருந்தாய்: என்னுடையது முன்னால் சின்னப் பல்சக்கரம் 22, பின்னால் பெரியது 34. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், நான் உட்கார்ந்தே ஏறுகிறேன்.

16-06-2024, ஞாயிறு, இரவு 8.00

வெட்கத்தோடு எழுதுகிறேன்.

கடையில் அடுப்பு பழுதாகி ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை பேபூர் போனேன். திருவிழா! ப்ளேன் தே பல்மிஸ்திலிருந்தே கார் வரிசை. இரண்டு பக்கமும் நிறுத்திவைத்து, கையில் வாளியோடு கொய்யாவியே பறிக்கிறார்கள். அது சிவப்பாய், நெல்லிக்காய் பருமனில் இருக்கும் காட்டுக் கொய்யா. இங்கே பிறந்த செடி இல்லை, காட்டை அடைத்துக்கொண்டு வளர்கிறது, ஆனால் பழம் அபாரம், புளிப்பும் இனிப்பும். இந்த மாதம்தான் பருவம். உள்ளே போனால் நிழற்குடைக்கு நிழற்குடை கூட்டம், விறகு அடுப்பு, கல்யாண அண்டா அளவு பாத்திரம், காரின் நாலு கதவையும் திறந்துவைத்து சேகா என்கிற இந்த ஊர்ப் பாட்டு. தெக்-தெக் குருவி ஒன்றைக்கூடக் காணோம்.

நான் இங்கே "ஆளில்லாத காடு" என்று அளந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமைக் காடு. ஒரு கிழமையை வைத்து ஒரு காட்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பும்போது ஒரு பெரியவர் கை காட்டி நிறுத்தினார். "ஊசா ஊ சவா?" எங்கே போறே என்கிறார். உட்கார வைத்துத் தட்டில் சோறு, கோழிக் கறி, பருப்பு, தக்காளி ருகாய் (நம்ம துவையல் மாதிரி). அவருக்குத் தமிழ் ஒரு வாக்கியம் தெரியாது; அவர் பாட்டனாருக்குப் பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். நான் பாண்டி என்றதும் அண்டாவிலிருந்து ஒரு இலையை எடுத்து விரலில் பிடித்து, பரீட்சை வைக்கிற மாதிரி, "கலூபிலே" என்றார். "கறிவேப்பிலை" என்றேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன்.

சத்தத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கறியைச் சாப்பிட்ட பிறகு கை வரவில்லை.

18-06-2024, இரவு 7.30

இன்னொரு திருத்தம், இது அவசரம். ஜூலை வேண்டாம், தம்பி.

மே முதல் நவம்பர் வரை மழை குறைவு, ஆகவே ஜூலை நல்லது என்று தனியாக எழுதியிருந்தேன். யோசிக்கும்போது: ஜூலையிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை இங்கே பள்ளி விடுமுறை. தினமும் ஞாயிறு. போதாக்குறைக்கு ப்ளேன் தே காஃப்ர் பக்கம் விடியற்காலையில் புல்லில் உறைபனி. மதுரைக்கும் ரோஸ் ஹில்லுக்கும் பழகின விரல் பிரேக்கைப் பிடிக்காது. ஜூலையில் கரும்பு வெட்டும் தொடங்கிவிடும், டிசம்பர் வரை. கரும்பு லாரிக்கு இங்கே கஷலோ என்று பெயர், திமிங்கலம் என்று அர்த்தம். ல கோல் ஆலைக்கும் புவா-ரூஜ் ஆலைக்கும் வரிசையாக நீந்திப் போகும். கரையோரச் சாலையில் அது உன்னைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். கரும்புத் தோகைக்கு அந்தச் சட்டம் தெரியாது, கன்னத்தில் அறைந்துவிட்டுப் போகும்.

செப்டம்பரில் வா. கஷலோ இருக்கும், ஆனால் அது மேலே ஏறாது.

25-06-2024, மதியம் 3.15

"பேலூவ் விடுதியிலிருந்து கீழே சலாசியில் இருக்கும் எல்-பூர் ஊருக்கு நடைபாதை இறங்குகிறதே, அதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் சுற்று முடியுமே, வரைபடத்தில் ஒரு விரல்கடைதான்" என்று எழுதியிருக்கிறாய்.

எல்லாரும் அந்த விரல்கடையைப் பார்க்கிறோம். நானும் நண்பர் ஒருவரும் ஏழு வருஷம் முன்பு பார்த்தோம். ஐந்நூறு மீட்டருக்கு மேல் நேர்க்கீழ் இறக்கம், படிக்கட்டு மாதிரி வேரும் கல்லும். தோளில் சைக்கிள், சைக்கிளில் பைகள். பத்தாவது நிமிஷம் பெடல் ஒரு வேரில் மாட்டி நான் குப்புற, சைக்கிள் என் முதுகின் மேல். நண்பர் சிரித்தார், அடுத்த வளைவில் அவர் விழுந்தார், நான் சிரித்தேன். கீழேயிருந்து ஒரு அம்மா, அறுபதுக்கு மேல் இருக்கும், முதுகில் பையோடு ஏறி வந்தார். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஒதுங்கி வழி விட்டார். அந்த ஒதுங்கலிலேயே எல்லாம் இருந்தது. திரும்பி மேலே ஏற ஒரு மணி நேரம்.

தேசியப் பூங்கா 2007-லிருந்து. காட்டுக்குள் சைக்கிளுக்கு அனுமதித்த பாதை வேறு, நடைபாதை வேறு. ஆக, தூக்கவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். முட்டினால் திரும்பு.

09-07-2024, இரவு 7.50

சேன்-லே மேட்டிலிருந்து ஒருவர் நீளமாக எழுதி என் முட்டுச்சாலைக் கொள்கையைக் கவிழ்த்துவிட்டார். மாயிதோ காட்டிலிருந்து தெவ்லாவ் வரை மலையின் தோள்பட்டையிலேயே ஒரு வனப்பாதை ஓடுகிறதாம். இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் வெளியே வரலாம், காரே கிடையாது என்கிறார். "இது முட்டவும் இல்லை, சத்தமும் இல்லை, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

பார்க்காமல் என்ன சொல்ல. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

06-08-2024, செவ்வாய், இரவு 8.20

பார்த்தேன்.

முதலில் ஒரு ஒப்புதல்: கடலிலிருந்து மாயிதோ ஏறவில்லை. உச்சி 2,200 மீட்டர், காடு தொடங்கும் இடம் வரைக்கும் மிதித்தாலே எனக்கு அன்றைய நாள் தீர்ந்துவிடும். மனைவி காரில் கொண்டுவந்து விட்டாள். கார்களைத் திட்டி நாலு மாதமாக எழுதுகிறவன் காரில் போய் இறங்கினான், எழுதிக்கொள்ளுங்கள். வழியில் ப்தித் ஃப்ரான்ஸ் ஊரில் ஜெரானியம் எண்ணெய் காய்ச்சுகிற செம்பு அண்டா. கால் லிட்டர் அவள் வாங்குவதற்குள் விலையைக் கேட்டு நான் சின்னக் குப்பிக்கு இறக்கினேன்.

பாதை: மண், சரளை, ஓடை குறுக்கிடும் இடத்தில் ராதியே, அதாவது தண்ணீர் மேலே ஓடட்டும் என்று விட்ட சிமெண்டுத் தளம். என் மீட்டரில் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 1,500 மீட்டருக்குக் கீழே இறங்குவதே இல்லை. தமரென் மரம், இரண்டு பக்கமும், மணிக்கணக்கில். பேலூவ் மாதிரி சொட்டாது. மேற்குச் சரிவு, காய்ந்த காடு. ஒரு இடத்தில் மரங்கள் எல்லாம் தோல் உரிந்து வெள்ளி நிறத்தில் நிற்கின்றன. 2010 அக்டோபரிலும் 2011 அக்டோபரிலும் எரிந்தது. இரண்டாவது தீயில் மட்டும் 2,500 ஹெக்டேருக்கு மேல். நின்ற பிணத்தின் காலடியில் இளமரம் அடர்ந்து நிற்கிறது, அதில் இலை இன்னும் புளிய இலை.

ஐந்து மணி நேரத்தில் பார்த்தது: மலை சைக்கிளில் இரண்டு பையன்கள் (பின்னால் வந்து மறைந்தார்கள்), ஒரு நாய், வானத்தில் வட்டமிட்ட பப்பாங், அதுதான் இந்தத் தீவின் ஒரே பருந்து. கடல் இரைச்சல் வராது. கீழே விரைவுச்சாலை பொம்மை மாதிரி தெரியும், அதன் பெயரும் தமரென் சாலைதான், 2009-ல் திறந்தது, அதில் நமக்கு அனுமதி இல்லை. அங்கே நாள் முழுக்கக் கார், இங்கே மரம். ஒரே பெயர்.

தண்ணீர் எங்கேயும் இல்லை. நான் இரண்டு லிட்டர் கொண்டுபோய் தெவ்லாவ் வருமுன் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று லிட்டர். பைகளைக் குறைத்துக் கட்டு, கல்லில் அடித்து என் பின்பையின் கொக்கி ஒன்று போய்விட்டது.

இப்போது கொள்கைக்கு வருகிறேன். இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு இருக்கிறது. கார் அதோடு நின்றுவிடுகிறது. சைக்கிள் ஓரமாக நுழைந்துகொள்கிறது. ஆக, காருக்கு இது முட்டுச்சாலை, இரண்டு பக்கமும் முட்டு. நமக்கு மட்டும்தான் வழி. சேன்-லே அன்பருக்கு: நீங்கள் என் கொள்கையைக் கவிழ்க்கவில்லை, பாதியை எடுத்துவிட்டு மீதியை நிமிர்த்தி வைத்துவிட்டீர்கள். சுற்று கேட்கிறவர்களுக்குக் கொடுக்க எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

06-08-2024, இரவு 8.35

மனைவி இதைப் படித்துவிட்டு, கால் லிட்டர் என்றது பொய், நூறு மில்லி என்கிறாள். திருத்தப்படுகிறது.

27-08-2024, செவ்வாய், மாலை 6.00

சின்னதாக இரண்டு. லே மாக் காட்டுச் சாலையும் இன்று போனேன், சேன்-லூயி மேட்டில் விண்மீன் பார்க்கிற கூடம் இருக்கும் ஊரைத் தாண்டி, ஜன்னல் என்று ஒரு இடத்தில் முட்டும். ஜன்னலிலிருந்து சிலாவோஸ் முழுக்கத் தெரியும், ஒன்பது மணி வரை. அதற்கப்புறம் திரை போட்ட மாதிரி மேகம். இங்கே எல்லா மலையிலும் அப்படித்தான்: விடிந்து மூன்று மணி நேரம் உனக்கு, மீதி மேகத்துக்கு.

சேன்-தெனிக்கு மேலே ப்ரூலே ஊரிலிருந்து ரோஷ் எக்ரித் பக்கம் ஏறும் முதலாம் எண் வனச்சாலையும் நல்லது, குறுகல், செங்குத்து. நான் அங்கே ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை. இனிமேல் கிழமையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

08-09-2024, இரவு 7.10

தம்பி, பத்தாம் தேதி செவ்வாய். காலை 5.30-க்குக் கடை வாசலில் நில், பின்கதவு. சைக்கிளை என் நண்பர் வேனில் போட்டு பல்மிஸ்த் வரை, அங்கிருந்து பேபூர். பிரேக் கட்டை மறக்காதே. கையுறை. மழை அடித்தால் திரும்பிக் கடைக்கு வந்துவிடலாம், உனக்கு மாவு உருட்டக் கற்றுத் தருகிறேன்.

10-09-2024, செவ்வாய், மாலை 4.40

போய் வந்தோம்.

மழை இல்லை, மூடுபனி. இருபது கிலோமீட்டரில் எதிரே ஒரே ஒரு வண்டி, வனத்துறை ஊழியருடையது, கையை உயர்த்திவிட்டுப் போனார். தம்பி பச்சைக் கோட்டில் ஒரு தடவை வழுக்கினான், விழவில்லை. தெக்-தெக் வந்தது, அவனுக்கு முன்னால் கொப்புக்குக் கொப்பு தாவியது, "அண்ணா, இது என்னைக் கேலி பண்ணுதா?" என்றான். ஒரு இலையைப் பறித்துக் காட்டினேன், பாதி புளி, பாதி அரிவாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பேலூவில் தடுப்புக்கட்டையைத் தாண்டி உருட்டிக்கொண்டு போய் விடுதி முற்றத்தில் நின்றோம். அந்த நேரம் பார்த்து மேகம் ஒரு ஓரம் விலகி, கீழே எல்-பூரின் கூரைகள் தெரிந்தன, சிவப்பும் நீலமுமாய், கைக்கு எட்டுகிற மாதிரி. தம்பி ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தான். பிறகு, முற்றத்தின் ஓரத்தில் இறங்கும் ஒற்றையடிப் பாதையை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணா, தூக்கிட்டு இறங்கினா அரை மணி நேரந்தான் ஆகும்போல?"

நான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து பாதியை அவன் கையில் திணித்தேன்.